கோலுக்குப் பின்னால் கேட்ட குரல்

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். தகடு அடிக்கும் மெஷின்களின் சத்தத்தில் அங்கே யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெஷினை நிறுத்து. காதைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், நாலு பேர் நடுவில் பேச நா எழாது. அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

எங்கள் ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர், சில வருடம் கப்பற்படையில் இருந்தவர். மூடிப்போன ஒரு படகு கிளப்பிலிருந்து பழைய ஃபைபர் படகுகளை வாங்கி வந்து ஒட்டுப் போட்டு, எங்களுக்குக் கேனோ போலோ சொல்லிக்கொடுத்தார். ஒற்றை ஆள் உட்காரும் படகு. அணிக்கு ஐந்து பேர். தண்ணீருக்கு மேலே உயரத்தில் தொங்கும் சட்டத்துக்குள் பந்தைப் போட்டால் கோல். நாங்கள் சட்டத்தைச் சவுக்குக் கம்பில் கட்டி, பின்னால் மீன்வலை மாட்டினோம். அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டோம்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரும் ஏரியில் ஞாயிறு காலைகளில் ஆட்டம். எங்கள் கோலுக்குப் பின்னால் கரை இல்லை. தண்ணீருக்குள் கருவேல மரங்கள் நின்றன. ஏரி நிரம்பிய ஒரு மழையில் மூழ்கிச் செத்தவை. முள் மட்டும் அப்படியே இருந்தது. அவற்றில் ஒரு கொக்குகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் கோல்கீப்பர். கோலுக்கு நேர் கீழே படகை நிறுத்தி, துடுப்பைத் தலைக்கு மேல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மற்ற நால்வர் எனக்கு முதுகு காட்டி முன்னால் நிற்பார்கள். "கட்டில் காலு மாதிரி நில்லுங்கல" என்பார் கேப்டன். பந்து வைத்திருப்பவனை மறிக்க ஒருவர் போனால் மீதி மூவரும் நகர்ந்து அந்த இடைவெளியை மூட வேண்டும். அவர் திரும்பியதும் பழையபடி விரிய வேண்டும்.

நாங்களோ பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினோம். முதுகுக்குப் பின்னால் காட்டிய சைகையை யார் பார்ப்பது? கையைத் தூக்கியவன் துடுப்பை விட்டுப் படகோடு கவிழ்ந்ததுதான் மிச்சம். ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றோம். எதிரணிகளில் ஒன்றான பூந்தமல்லி லாரி ஒர்க்ஷாப் பையன்கள் கரையிலிருந்து கத்துவார்கள்: "இன்னா மாமே, பஸ்ஸுக்கு கை காட்றீங்களா?"

ஒரு நாள் கேப்டன் என் படகருகே வந்தார்.

"ஏல, எல்லாரையும் பாக்குறது நீ ஒருத்தன்தான். நீதான் கத்திச் சொல்லணும். எவன் முன்ன போணும், எவன் பின்ன வரணும்னு. அடுத்த வாரமும் வாயைத் தொறக்கலன்னா கோல்ல வேற ஆளைப் போட்டுருவேன், பாத்துக்க."

தலையாட்டினேன். வாரத்தில் ஆறு நாள் பிரஸ்ஸுக்குத் தகடு கொடுப்பவன் நான். அந்தத் துடுப்பைத் தூக்கிப் பிடிக்கும்போது மட்டும் எனக்கென்று ஒரு இடம் இருப்பதாகத் தோன்றும். அதை இழக்க மனமில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் வாய் வரவில்லை.

அன்று நல்ல பனி. சூரியன் வந்தும் எதிர்க் கோல் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பந்து இடது பக்கம் வந்தது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. உதடு பிரியவில்லை.

"இடது பக்கம். மூடு" என்றது ஒரு குரல்.

கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருந்தது. எனக்குப் பின்னாலிருந்து வந்தது. முன்னால் இருந்த நால்வரும் ஒன்றாக இடது பக்கம் ஒதுங்கினார்கள். பந்து அடிபட்டு வெளியே போனது. அதன்பின் அந்தக் குரல் நிற்கவே இல்லை. போ. வா. விரி. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. முதல்முறை ஜெயித்தோம்.

கரையில் எங்கள் ஷாப் வெல்டர் என் முதுகில் தட்டினான். அம்பத்தூர்க்காரன், கேப்டன் சொன்ன கட்டிலுக்கு இடது பின்காலாக நிற்பவன். "சூப்பரு நைனா! இத்தினி நாளு எங்க வச்சிருந்த அந்த வாயை?"

"நான் சொல்லலப்பா. பின்னாடி யாரோ சொன்னாங்க."

"த்தோடா, ஜோக்கு வேற அடிக்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். அது என் குரல் மாதிரியே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? பனி விலகியபின் தனியாகப் படகில் போய் அந்த மரங்களைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

அடுத்த வாரம் பூந்தமல்லி அணியோடு ஆட்டம். பனி முந்தின வாரத்தைவிடக் கனமாக இருந்தது. குரல் வந்தது. ஆனால் இப்போது பந்து வருவதற்கு முன்பே வந்தது. "வலது" என்று சொன்ன பிறகுதான் எதிராளி வலது பக்கம் திரும்பினான். எங்கள் நால்வரும் யோசிக்கவே இல்லை. சொன்னால் போனார்கள். ஆளுக்கு ஒரு கோலில் இரு அணியும் சமமாக நின்றோம்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், "பின்னால வா" என்றது.

நால்வரும் துடுப்பைத் திருப்பிப் போட்டுப் பின்னால் வந்தார்கள். பந்து எங்கோ தூரத்தில் இருந்தது. பின்னால் வர எந்தக் காரணமும் இல்லை.

"இன்னும் வா."

வெல்டரின் படகு என்னை உரசிக்கொண்டு கோலைத் தாண்டியது. அவன் முகம் பந்து இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் நிதானமாகப் பின்னுக்குத் தள்ளியது. முதல் மரத்தின் கிளை அவன் தோளைத் தொட்டது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க இடுப்பைச் சுற்றி ரெக்சின் விரிப்பைக் கட்டி, படகோடு இறுக்கியிருப்போம். கவிழ்ந்தால் உடம்பை உலுக்கி அப்படியே நிமிர வேண்டும். அந்த முள்ளுக்குள் கவிழ்ந்தால் நிமிர இடமிருக்காது.

"இன்னும். இன்னும்."

"நில்லு! டேய், நில்லுடா! முன்னால போ!"

கத்தியது நான்தான். என் கையிலிருந்த துடுப்பு தாழ்ந்துவிட்டது. வெல்டர் திடுக்கிட்டுத் திரும்பி, பின்னால் இருந்த முள்ளைப் பார்த்து, வேகமாக முன்னால் துழாவினான். மற்ற மூவரும் துடுப்பை நிறுத்தினார்கள். அதற்குள் பந்து என் தலைக்கு மேலே வலையில் விழுந்தது. தோற்றோம்.

கரையில் வெல்டர் தோளில் முள் கீறிய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இப்போ கத்தினது நீதானே?" என்றான்.

"ஆமா."

"அப்போ வானு கூப்ட்டது?"

நான் மரங்களைத் திரும்பிப் பார்த்தேன். மற்றவர்கள் படகுகளைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்தார்கள். கேப்டன் மரங்கள் இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"நீயே கோல்ல நில்லு. ஆனா சும்மா இருக்காதல. என்னமாச்சும் சொல்லிட்டே இரு."

அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கி முடியும்வரை நான் வாய் மூடியதில்லை. பந்து எதிர்க் கோலில் கிடந்தாலும் போ, வா, விரி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பூந்தமல்லிப் பையன்கள் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். "அண்ணாத்தே, கொஞ்சம் ஆஃப் பண்ணு!" என்று கெஞ்சுவார்கள். எங்கள் அணியில் யாரும் சிரித்ததில்லை. மூச்சு வாங்க நான் ஒரு நொடி நிறுத்தினால், முன்னால் நிற்கும் நால்வரின் துடுப்பும் தண்ணீரில் பின்பக்கமாகத் திரும்பத் தொடங்கும்.