வளைவுக்கு வெளியே நின்ற வண்டி

எங்கள் வேலையைப் பற்றி ஊர் சொல்லும் குறை இரண்டே இரண்டுதான். வண்டி லேட்டாக வந்தது. வந்த வண்டியில் தண்ணீர் இல்லை. சமையல்கட்டில் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் வரும். கிணற்றில் பசு விழுந்தாலும், புயலில் மரம் சாய்ந்தாலும், கடலோரத்தில் கிள்ளைப் பக்கம் வெள்ளம் வந்தாலும் நாங்கள்தான். தீ எப்போதாவதுதான் வரும். ஆனால் அது வரும் அன்றைக்குத்தான் எங்கள் மானம் போகும்.

நான் சொல்லப்போவது என் நண்பனின் மானம் போன கதை. நானும் அவனும் ஒன்றாக வேலையில் சேர்ந்தவர்கள். சிதம்பரம் நிலையத்தில் அவன் வண்டி ஓட்டுநர். மணி அடித்தால் நாங்கள் பெல்ட்டை மாட்டுவதற்குள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து உறுமவிட்டுக்கொண்டிருப்பான். "ஏறுங்கடா, மாப்பிள்ள அழைப்புக்கா போறோம்" என்று கத்துவான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தெரு. நடுவில் ஒரு கல்யாண மண்டபம், கடைசியில் வரிசையாகக் குடிசைகள், அதற்கும் பின்னால் வாய்க்கால். வேறு வழி கிடையாது. தெரு என்னவோ நகராட்சியுடையதுதான். ஆனால் மண்டப முதலாளி தெருமுனையில் தன் அப்பா பெயரைப் போட்டு ஒரு சிமெண்ட் வளைவு கட்டியிருந்தார். கார் நுழையும், வேன் நுழையும். தலையில் ஏணி வைத்த எங்கள் வண்டி நுழையாது.

ஒரு கோடைக்கால மத்தியானம் அந்தக் குடிசைகள் பற்றிக்கொண்டன. என் நண்பன் கண் மூடித் திறப்பதற்குள் வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்துவிட்டான். அங்கே வளைவு. வண்டி நின்றது. நாங்கள் ஹோஸை ஒன்றோடு ஒன்று மாட்டி, தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினோம். தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் கூரைகள் உட்கார்ந்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண் மட்டும், கருகிப்போன தையல் மிஷினின் இரும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஓடியாந்தத நான் பாத்தேண்ணா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தீ அணைந்த பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் எங்களுக்கு டீயோ சோடாவோ கொடுப்பது வழக்கம். அன்று மண்டபத்துச் சமையலறையிலிருந்தே டீ வந்தது. முதலாளி தன் கையாலேயே கொடுத்தார். "குடிங்கப்பா, பாவம், வெந்து போயிருக்கீங்க." என் நண்பன் வண்டியில் சாய்ந்துகொண்டு குடித்தான். முகமெல்லாம் கரி. பின்னால் இன்னும் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் படம் ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. வீடுகள் எரிகின்றன, டிரைவர் டீ குடிக்கிறார் என்று கீழே எழுதியிருந்தது. பத்திரிகைக்காரர்களிடம் முதலாளியே சொல்லியிருந்தார்: "வண்டி ரொம்ப லேட்டு சார். டீய குடிச்சிட்டு ஆற அமர வர்றாங்க." அவருக்கு வேறு வழியில்லை. அந்த வளைவைப் பற்றி நாலு பேர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

விசாரணையில் வளைவைப் பற்றி நாங்கள் தொண்டை கிழியச் சொன்னோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் வாயை மூட ஒரு ஆள் தேவைப்பட்டது. என் நண்பனைக் கடலூருக்குத் தூக்கியடித்தார்கள். அவன் போவதற்கு முன்பே பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்து மீன் கடையில்கூட அவன் 'டீ டிரைவர்'தான். அதன் பிறகு தீப்பிடித்த எந்த இடத்திலும் அவன் டீயைக் கையால் தொட்டதில்லை.

நான் எதையும் மறக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் எனக்கு இருந்ததில்லை. அந்த ஆளை ஊர் நடுவில், அதே தெருவில், அதே மாதிரி நிற்க வைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சில வருடங்கள் வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, பதவி உயர்வில் சிதம்பரம் நிலையத்துக்கே அலுவலராகத் திரும்பி வந்தேன்.

ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் வரும். பொது இடம் ஒன்றில் ஒத்திகை நடத்திக் காட்டுவோம். புகை போட்டு, மாடியில் ஒருவரை மாட்டிக்கொண்டவராக நிறுத்தி, ஏணி வைத்து இறக்குவோம். இடத்தைத் தேர்ந்தெடுப்பது நிலைய அலுவலர். நான் நேராக அந்த மண்டபத்துக்குப் போனேன். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறியது.

"மாடியில மாட்டிக்கிறவரா நீங்களே நின்னா நல்லா இருக்கும் சார்" என்றேன்.

"போட்டோலாம் வருமா?"

"ஊரே வரும் சார்."

கடலூரிலிருந்து பெரிய வண்டியைக் கேட்டு வாங்கினேன். ஓட்ட அவன்தான் வர வேண்டும் என்றும் சொன்னேன். அவன் போனில் பிடிவாதம் பிடித்தான். "வேணாம் மச்சான். அந்தத் தெருவுல எனக்கு இன்னா வேல?"

"உனக்கு இல்லன்னா எனக்கு இருக்கு. வந்து சேரு."

ஒத்திகை அன்று நல்ல வெயில். தாசில்தார், காலேஜ் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள் என்று தெரு நிறையக் கூட்டம். மைக் என் கையில். கீழே ஈர வைக்கோலைப் பற்றவைத்தோம். முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் மொட்டை மாடியில் நின்று கையசைத்தார். மண்டபத்துக்குள் செருப்பு போடுவதில்லை என்பதால் வெறுங்கால். சைரன் அலற என் நண்பன் வந்தான். வளைவு முன்னால் பிரேக் போட்டான்.

நான் மைக்கில் நிதானமாகச் சொன்னேன். "பொதுமக்கள் கவனிக்கவும். வண்டி வந்துவிட்டது. தாமதம் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. இந்த வளைவு இருப்பதால் உள்ளே வர முடியவில்லை. ஏணியைக் கழற்றிக் கையால் தூக்கி வருகிறார்கள். மாடியில் இருப்பவர் தயவுசெய்து பொறுமையாக இருக்கவும்."

மாடியில் இருப்பவர் பொறுமையாக இல்லை. புகை மேலே போனது. இருமினார். சுடுதரையில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார். "யோவ், வண்டி எங்கய்யா? எவ்ளோ நேரம்யா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. முன்பே சொல்லி வைத்திருந்த டீயை வாங்கிக்கொண்டு போய் என் நண்பனிடம் நீட்டினேன். "குடி மச்சான். எல்லாரும் பாக்கட்டும்." அவன் என்னையே பார்த்தான். பிறகு வண்டியில் சாய்ந்து, வளைவுக்கு முன்னால் நின்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். காமிராக்கள் இரண்டு பக்கமும் திரும்பின. முதலாளியை ஏணியில் இறக்கும்போது வேட்டியெல்லாம் கரி.

அந்த மாதம் முடிவதற்குள் நகராட்சி வளைவை இடித்துவிட்டது. வழி திறந்தால் வண்டியோடு ஒருமுறை கடைசிவரை போய்ப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். அவனை வரச் சொல்லி, எங்கள் நிலையத்து வண்டிச் சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். வளைவு இருந்த இடத்தைத் தாண்டும்போது தேவையே இல்லாமல் சைரனை அடித்தான். நானும் தடுக்கவில்லை.

தெருக் கடைசியில் குடிசைகள் இல்லை. ஒத்திகை அன்று என் கண் முழுக்க மாடியில்தான் இருந்தது, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வாய்க்கால் கரைவரை சிமெண்ட் கல் பதித்து, மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் என்று போர்டு வைத்திருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அவுங்கல்லாம் எரிஞ்ச கொஞ்ச நாள்லயே போய்ட்டாங்க சார். கிள்ளைப் பக்கம்னு சொன்னாங்க. எடத்த மொதலாளி எடுத்துக்கிட்டாரு."

சைரன் கேட்டு முதலாளியே வெளியில் வந்தார். முகத்தில் கோபத்தின் சுவடுகூட இல்லை. "அன்னிக்கி நீங்க காட்டினது நல்லதாப் போச்சு சார். இப்ப வண்டி நேரா நம்ம வாசலுக்கே வந்துடுது, பாருங்க. நிம்மதியா இருக்கு. டீ சொல்லட்டுமா?"

என் நண்பன் இறங்கவில்லை. அந்தக் கார் நிறுத்துமிடத்தில் தாராளமாக இடம் இருந்தது. ஒரே மடக்கில் வண்டியைத் திருப்பினான். தெருமுனைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"மச்சான், இந்தத் தெருவுல இனிமே எரியறதுக்கு அவரு மண்டபம் ஒண்ணுதான் இருக்கு. கூப்ட்டா சீக்கிரமா வந்துடுவீங்க இல்ல?"

மணி அடித்தால் போய்த்தான் ஆக வேண்டும்.