மூன்று முறை நீட்டிய கை

என் எட்டாவது வயதில் சித்தப்பா என் கையில் ஓர் அடி வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

அப்பாவின் தம்பியான அவருக்குப் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை. அந்த வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுத்துவிட்டு வந்த பிறகுதான், தன் மார்பில் கட்டி இருப்பதைச் சித்தப்பாவின் அக்காவான என் அத்தை அம்மாவிடம் சொன்னாள். டாக்டர் புற்றுநோய் என்றார். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் அறுத்துப் பயனில்லை; பரவாவிட்டால் அறுக்கலாம். படம் எடுத்துத்தான் சொல்ல முடியும். அம்மாவிடம் கைக்குழந்தை இருந்ததால் ரிக்‌ஷாவில் அத்தைக்குத் துணையாகப் போனவள் நான். எனக்கு இருந்த தகுதிகள் இரண்டு: பெண்பிள்ளை, அன்று பள்ளிக்கூடம் இல்லை.

எக்ஸ்ரே அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். சித்தப்பா அத்தையை மூலையில் உட்கார வைத்தார்.

“மூச்சப் பிடின்னா பிடிக்கணும், அக்கா. பேசக்கூடாது.”

“நான் பேசாம இருந்து நீ எப்படா பாத்த?”

“அதான் பயமா இருக்கு லா.”

அத்தை சிரித்தாள். எங்கள் வீட்டில் பத்து நாளாக யாரும் சிரித்திருக்கவில்லை.

விளக்கை அணைத்துக் கருவியை முடுக்கினார். ஒரு சிறிய திரையைப் பிடித்து, அதன் பின்னால் தன் இடது கையை நீட்டினார். பச்சை வெளிச்சத்தில் விரல் எலும்புகள் தெரிந்தன. கதிரின் பலத்தை அங்கே அப்படித்தான் பார்ப்பார்கள். எலும்பு கன்னங்கரேலென்று விழுந்தால் பலம் போதாது; வெளிறிப்போனால் அதிகம். கருவியை நிறுத்தி எதையோ திருகிவிட்டு மறுபடி நீட்டினார். மூன்று முறை. எதையும் எண்ணுவது அப்போதே என் வழக்கம்.

மூன்றாம் முறை நானும் திரைக்குப் பின்னால் கையை விட்டேன். பட்டென்று அடி விழுந்தது.

“எடு கைய! இது வெளயாட்டுச் சாமானா?”

விளக்கு போட்டதும் அழுதுகொண்டே அவர் இடது கையைப் பார்த்தேன். தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆள்காட்டி விரலில் நகம் இல்லை, ஆறாத புண் ஒன்று இருந்தது. அத்தையும் பார்த்துவிட்டாள்.

“என்னடா இது?”

“படம் கழுவுற மருந்துத் தண்ணி அரிச்சிருச்சு, அக்கா. நீ வந்து நில்லு.”

படம் ஒரே தடவையில் நன்றாக விழுந்தது. நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் மறுநாள் சொன்னார். அறுத்தார்கள், அத்தை பிழைத்தாள், இன்றும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். சித்தப்பாவுக்கு அடுத்த வருஷம் அந்த விரலை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டுவரை. பிறகு அக்குளில் கட்டி வந்தது. அவர் நெஞ்சைப் படம் எடுத்தபோது அதில் புள்ளிகள் இருந்தன.

இப்போது நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன். ஈயக் கையுறை, ஈயத் தடுப்பு, கதவு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகே கருவியை முடுக்குவேன். அன்றும் அந்த அறையில் ஒரு ஜோடிக் கையுறை ஆணியில் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கையுறை போட்டால் எலும்பு தெரியாது.

அன்று வீடு திரும்பும்போது ரிக்‌ஷாவில் அத்தையிடம் புகார் சொன்னேன்: “சித்தப்பா மட்டும் மூணு தடவ பாத்துக்கிட்டாரு. எனக்கு ஒரு தடவகூட காட்டல.”

வீடு வரும்வரை அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படத்தில் என்ன வருமோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.