பெரிய மெஷினில் ஓட்டிப் பார்க்காத பூட்டு

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பெயர். யார் வைத்ததென்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறான கெர்னலை எழுதுகிற நிறுவனம் அது. எழுதுகிறவர்கள் மாடியில். கீழே, ஜன்னலே இல்லாத, ஏசி ஓயாமல் இரைகிற அறையில் அவள். மேலே யார் எதைத் திருத்தினாலும், “முன்னைவிட வேகமா ஓடுது” என்று மார்தட்டிக்கொள்வதற்கு முன் அது அவள் கைக்கு வந்தாக வேண்டும். அவள் ஓட்டிப் பார்த்து, ஆமாம் என்றால்தான் ஆமாம்.

ஓட்டிப் பார்ப்பதும் சும்மா இல்லை. சிப் தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்காமல் கட்டிப்போடுவாள். மெஷின் சூடாகிற வரைக்கும் வருகிற முடிவுகளைத் தூக்கிப் போடுவாள். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டுவாள். “இவங்களுக்குக் காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டருக்கும் காய்ச்சல் இருக்கான்னு பார்த்துட்டுதான் மாத்திரை போடுவாங்க” என்று மாடியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த மாடியில்தான் அவள் தம்பியும் இருந்தான்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரீட்சை எழுதி, நேர்முகத்தில் மூன்று பேரைத் திணறடித்துத்தான் உள்ளே வந்தான். ஆனாலும் ஊர் வாயை மூட முடியுமா? “அக்கா கீழே, தம்பி மேலே, பாஸ் மார்க்குக்குப் பஞ்சமே இல்ல” என்று யாரோ காப்பி மெஷின் பக்கத்தில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து தம்பி எழுதியது கீழே வந்தால் மற்றவர்களுடையதைவிட ஒரு சுற்று கூடுதலாக ஓட்டினாள். அவனுக்கும் அது தெரியும். “என்னோடதுக்கு மட்டும் மாமியார் வீட்டு வரவேற்பு” என்பான். ஆனால் கோபப்பட்டதில்லை.

அவன் உயிரைக் கொடுத்து எழுதியது ஒரு பூட்டு. ரீட்-ரைட் லாக் என்பார்கள். கெர்னலுக்குள் ஒரே தகவலைப் பல வேலைகள் ஒரே நேரத்தில் படிக்கும், அதில் தவறில்லை. ஒருவர் அதை மாற்றி எழுத வந்தால் மட்டும் மற்ற எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அதைக் காவல் காக்கிற பூட்டு அது. அதுவரை இருந்த பூட்டில் ஒரே ஒரு எண்ணிக்கைப் பலகை. படிக்க வருகிறவர் ஒன்றைக் கூட்டிவிட்டு நுழைய வேண்டும், போகும்போது ஒன்றைக் கழித்துவிட்டுப் போக வேண்டும். நாலு பேர் வந்தால் பரவாயில்லை. நூறு பேர் வந்தால், படிக்கிற நேரத்தைவிடப் பலகைக்கு அடித்துக்கொள்கிற நேரம்தான் அதிகம். தம்பி அந்தப் பலகையைப் பிரித்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிப் பலகை. படிக்கிறவர்கள் அவரவர் பலகையைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம். எழுத வருகிறவருக்குத்தான் கஷ்டம், எல்லாப் பலகையும் காலியாகிற வரைக்கும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அதே சமயத்தில் மாடியில் மூத்தவரான தாடிக்காரர் பழைய பூட்டையே கொஞ்சம் தட்டிக்கொட்டிச் சீர்செய்திருந்தார். இரண்டில் ஒன்றுதான் கெர்னலுக்குள் போகும். மேலாளர் இரண்டையும் கீழே அனுப்பினார்.

அவள் ஓட்டினாள். அவர்களிடம் இருந்த சர்வர்களில் எல்லாம் ஒரே ஒரு சிப்தான், சிப்புக்குள் இருந்து கணக்குப் போடுகிற கோர்களும் குறைவு. அதில் தம்பியின் பூட்டு படிப்பதில் ஒரு மயிரிழை முந்தியது. எழுதுவதில் நன்றாகவே பின்தங்கியது. தாடிக்காரருடையது இரண்டிலும் சீராக வந்தது.

மறுநாள் தம்பி கீழே இறங்கி வந்தான்.

“அக்கா, இது சின்ன மெஷினுக்காக எழுதினது இல்ல. நாலஞ்சு சிப் இருக்கிற பெரிய மெஷின்ல ஓட்டினாதான் இதோட குணம் தெரியும்.”

“நம்மகிட்ட அது இல்லையே.”

“வானிலை ஆபீஸ்ல இருக்கு. என்கூடப் படிச்சவன்தான் அதைப் பார்த்துக்கிறான். ஒரு நாள் தர்றேன்னு சொல்லிட்டான். நீ வந்து உன் கையால ஓட்டு. நான் கிட்டவே வரல.”

ஆசையாகத்தான் இருந்தது அவளுக்கு. அப்படி ஒரு மெஷினை அவள் தொட்டதே இல்லை. ஆனால் காப்பி மெஷின் பக்கத்தில் கேட்ட பேச்சு காதுக்குள் திரும்ப ஓடியது.

“தாடிக்காரர் கேட்டிருந்தா போயிருப்பேனா? மாட்டேன். அப்புறம் உனக்காக மட்டும் எப்படிப் போறது? எல்லாருக்கும் ஒரே மெஷின்.”

“அவர் ஏன் கேக்கப்போறாரு? அவருக்குத் தேவையே இல்லையே.”

“நாக்கு மேல பல்லைப் போட்டு நாலு பேரு பேசுவாங்கடா.”

“சரிக்கா” என்றுவிட்டுப் படியேறிப் போனான்.

கூட்டத்தில் அவள் கிராஃபைத் திரையில் போட்டு முடிவுகளை வாசித்தாள். மேலாளர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“தம்பியோடது பெரிய மெஷின்ல நல்லா வரும்னு ஒரு பேச்சு இருக்கே. உங்களுக்கு என்ன தோணுது?”

என்ன தோன்றியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கோர்களைக் கூட்டக் கூட்டத் தாடிக்காரரின் கோடு மெல்லத் தலைசாய்வதையும், தம்பியின் கோடு நேராகப் போவதையும் அந்தச் சின்ன மெஷினிலேயே பார்த்திருந்தாள். ‘வரும்னுதான் தோணுது, ஓட்டிப் பார்க்கணும்’ என்று ஒரே வரி சொல்லியிருக்கலாம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நம்மகிட்ட இல்லாத மெஷினைப் பத்தி நான் பேச முடியாது சார்” என்றாள்.

தாடிக்காரரின் பூட்டு உள்ளே போனது. வெளியே வரும்போது ஒருவர், “சொந்தத் தம்பின்னுகூடப் பார்க்கல, நிஜமாவே தராசுதான்” என்று பாராட்டினார். அவளுக்கு அது இனித்தது என்பதுதான் பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது.

கொஞ்ச நாளில் தம்பி வேலையை விட்டான். மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தான். “தினமும் லென்ஸ் தேய்க்கிறாராம், சட்டையெல்லாம் தூள்” என்று அவன் மனைவி ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டார்கள். குழந்தைகள், அம்மாவின் முழங்கால் வலி, வீட்டு ஒழுகல் எல்லாம் பேசினான். வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நீ, வா, போ என்று வளர்ந்தவன், எப்போதிலிருந்து என்று தெரியாமலே அவளை நீங்க, வாங்க என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். அம்மாவுக்கு அதில் பெருமை. “இப்பத்தான் மரியாதை தெரியுது” என்றாள். அவள் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

வருஷங்கள் போயின. தாடிக்காரர் ஓய்வு பெற்றார். பெரிய மெஷின்கள் சாதாரணமாகிவிட்டன. கீழறைக்கே நாலு சிப் உள்ள சர்வர் ஒன்று வந்து சேர்ந்தது. கூடவே புகார்களும் வந்தன. “காசு கொட்டிப் பெரிய மெஷின் வாங்கினோம், பழையதைவிட மெதுவா ஓடுது.” எங்கே நேரம் கரைகிறது என்று அவள் தோண்டிப் பார்த்தாள். ஒரே இடத்தில்தான் கரைந்தது. எல்லா கோரும் தாடிக்காரர் பூட்டின் அந்த ஒற்றைப் பலகைக்கு முட்டிக்கொண்டு நின்றன.

தம்பி எழுதிய பழைய பூட்டு சேமிப்பில் கிடந்தது. யாரும் சொல்லாமல் தானாகவே எடுத்தாள். இத்தனை வருஷத்தில் கெர்னல் எவ்வளவோ மாறியிருந்ததால் பொருத்துவதற்குள் படாத பாடு பட்டாள். பிறகு ஓட்டினாள். கோர்கள் கூடக் கூட, கிராஃபில் தாடிக்காரரின் கோடு சரிந்து தரையைத் தொட்டது. தம்பியின் கோடு ஏறிக்கொண்டே போனது.

அவள் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதுதான் சரி. மெஷினை அணைத்துப் போட்டாள், வரிசையை மாற்றினாள், வேறு வேலையைக் கொடுத்துப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு தவறு அகப்பட்டால் போதும் என்றிருந்தது. அகப்படவில்லை. அவளுடைய பழக்கமே அவளைத் தப்பிக்க விடவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். தம்பி வெள்ளைக் கோட்டோடு ஒரு ஃபிரேமின் காதை வளைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்கக்கா. கண்ணு ஏதாவது பிரச்சனையா?”

“உன் பூட்டைப் பெரிய மெஷின்ல ஓட்டினேன்.”

கை நின்றது. நிமிரவில்லை.

“நல்லா வந்திருக்குமே” என்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கூட்டத்துக்கு முன்னாடியே வானிலை ஆபீஸ்ல நானே போய் ஓட்டிட்டேன். கிராஃபை பாக்கெட்ல வச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன்.”

கண் பரிசோதனை நாற்காலிதான் பக்கத்தில் இருந்தது, அதிலேயே உட்கார்ந்தாள்.

“ஏன்டா காட்டல?”

“நீங்க பேச முடியாதுன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எடுத்து நீட்டினா, அக்கா மறைச்சுட்டாங்க, தம்பி திருட்டுத்தனமா ஓட்டினான்னு ஆகும். அந்தக் கூத்தை யார் பார்க்கிறது.” ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இதைத் தியாகம் அது இதுன்னு நினைச்சுக்காதீங்க. பயங்கரக் கோபம். நீங்களே ஒரு நாள் வந்து கேக்கட்டும்னு இருந்தேன். ஒரு வருஷம் வரைக்கும் எதிர்பார்த்தேன். அப்புறம் கடையில வேலை ஜாஸ்தியாயிடுச்சு.”

“இப்ப வந்திருக்கேன்ல.”

“இப்ப எனக்கு இது பிடிச்சுப் போச்சுக்கா. மங்கலா தெரியுதுன்னு வர்றவங்க தெளிவா தெரியுதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. கிராஃப் போட வேண்டியதில்ல.”

அவன் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். குத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லையே. ஆனால் அதை அவனிடம் எதற்குச் சொல்வது?

அவனே கேட்டான். “பூட்டுக்கு வெளியே எழுதுறவங்க எவ்வளவு நேரம் காத்து நிக்கிறாங்க?”

“ரொம்ப நேரம். படிக்கிறவங்க வந்துக்கிட்டே இருந்தா, சில சமயம் இடமே கிடைக்கிறதில்ல.”

“ம். அதைத்தான் அடுத்து சரி பண்ணலாம்னு இருந்தேன்.” நெற்றியைச் சொறிந்துகொண்டான். கண் எங்கேயோ போயிற்று. ஒரு நிமிஷம், பழைய தம்பி பென்சிலைத் தேடப் போகிறான் என்றே அவளுக்குத் தோன்றியது. அதற்குள் ஒரு அம்மாள் உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அவன் எழுந்து போய்விட்டான். அந்த அம்மாளோடு அவன் பேசிய பொறுமையைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் இருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அன்று எதைச் சொல்லாமல் விட்டாள் என்பது உட்பட. புது மேலாளர் சங்கடமாகத் தலையாட்டினார். அந்தப் பழைய கதை தெரிந்தவர்கள் அங்கே யாருமே இல்லை. எழுதுகிறவர்கள் காத்துக் கிடப்பதைச் சரிசெய்தால் பூட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுதுகிறவர் ஒருவர் வந்து நின்றுவிட்டால், அதற்குப் பிறகு படிக்க வருகிறவர்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று மாற்றினாள். படிக்கிற வேகம் கொஞ்சம் குறைந்தது. காத்திருப்பு அடங்கியது. பூட்டை எழுதியவர் என்ற இடத்தில் தம்பியின் பெயரைப் போட்டாள். அவனிடம் ஃபோனில் சொன்னபோது, “சந்தோஷம்க்கா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டீங்களா?” என்றான்.

பூட்டு கெர்னலுக்குள் போய்விட்டது, இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அந்த மாற்றத்தை எழுதிய நாட்களில், இப்படிச் செய்தது சரிதானா, வேறு வழி இருக்கிறதா என்று அவளுக்கு எத்தனையோ இடத்தில் சந்தேகம் வந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். தராசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. அது தப்பு, இப்படி வராது என்று அவளோடு மல்லுக்கு நிற்கத் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிக் கடையில் இருந்தான்.