படத்தில் அவர் பேசிய தமிழ்

நாவலும் எழுதி, படத்துக்கும் கதை எழுதியவன் என்று என்னை மேடையில் உட்கார வைத்து, "இரண்டில் எது சிரமம்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரமமாவது மண்ணாவது! உண்மையான பதிலைச் சொல்வதென்றால் இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு மனிதருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மாலை போட்டு வரவேற்றவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. எதையாவது பேசிச் சமாளித்து, கொடுக்கிற கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

மலாயா சுதந்திரத்துக்குச் சில வருஷங்கள் முந்தைய காலம் அது. காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலம் இன்னும் ஓயவில்லை. மலாக்கா காஜா பெராங்கில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். பகலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் அரசாங்கப் படவண்டியோடு ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். அந்தப் படங்களில் பேச்சு கிடையாது. துணிக்குப் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கதையைத் தமிழில் சொல்வது என் வேலை. ஆண் பேசினாலும் நான், பெண் அழுதாலும் நான்.

அதற்கு முன்பே ஒரு நாவல் எழுதியிருந்தேன். பத்திரிகையில் வாராவாரம் வந்தது. காட்டில் இருந்தவர்களுக்கு யார் அரிசி கொண்டுபோகிறார்கள் என்று போலீசுக்குச் சொல்லிவிடும் ஒரு தோட்டத் தொழிலாளியின் கதை. எனக்குத் தெரிந்த ஒரு மனிதரை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். அவர் குட்டை, கதையில் நெட்டையாக்கினேன். மலாக்காவின் ஜாசின் பக்கத்து ஆளைத் தூரத்துப் பேராக்கில் கொண்டுபோய் வைத்தேன். போதாதென்று இரண்டு பெண்டாட்டிகளையும் கட்டி வைத்தேன். அந்த மனிதரே ஒவ்வொரு வாரமும் படித்துவிட்டு வந்து, "யாரு சார் அந்தப் பாவிப்பய? இப்படியும் ஒருத்தன் இருப்பானா?" என்று என்னிடமே பொருமினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. படிக்கிற ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த முகத்தை அந்த நெட்டையனுக்கு மாட்டிக்கொண்டான். ஆயிரம் முகம் இருந்ததால் எந்த முகத்துக்கும் ஆபத்தில்லை. இது எனக்கு அப்போது புரியவில்லை. என் எழுத்தின் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லக் கேட்ட எங்கள் அலுவலக வெள்ளைக்கார அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. அரை மணி நேரப் படமாக எடுக்கலாம் என்றார். போலீசுக்குத் தகவல் சொல்பவனாக யார் நடிப்பது என்று பேச்சு வந்தபோது, கேட்காமலே வாயைத் திறந்தவன் நான்தான்.

என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, பல தலைமுறைக்கு முன்பே மலாய் பேசத் தொடங்கிவிட்ட மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். லோரி ஓட்டுபவர். தோட்டத்துக் கடைகளுக்கு அரிசியும் சீனியும் ஏற்றிக்கொண்டு ஜொகூர் எல்லை வரை போய் வருவார். நெற்றி நிறைய விபூதி. ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டில் புழங்குவது அவர்களுடைய மலாய்தான். அதில் சாமி பெயரும் சில உறவுப் பெயர்களும் மட்டும் தமிழாக இருக்கும். நான் அவரை மலாயில் 'அபாங்' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவேன். அவர் என்னை வாத்தியாரை அழைப்பதுபோல 'சிக்கு' என்பார். என்ன முகம் தெரியுமா அது! சும்மா நின்றாலே எதையோ சொல்லத் தயங்குகிற முகம். என் நாவலில் இரண்டு பக்கம் எழுதி வராத தயக்கம் அவர் கண்ணில் சும்மா கிடந்தது.

"எனக்குத் தமிழ் வராதே சிக்கு," என்றார் மலாயில்.

"வரவே வேண்டாம் அபாங். நீங்கள் வாயை அசைத்தால் போதும். பேசுவது நான்."

மலாய்ப் பெண்கள்போலக் கபாயாச் சட்டை உடுத்திய அவர் மனைவி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லவன் வேஷமா, கெட்டவன் வேஷமா?" என்று மட்டும் கேட்டார். நல்லவன்தான் என்றேன். அரசாங்கக் கணக்கில் அது பொய்யில்லை.

மூன்று நாளில் எடுத்து முடித்தார்கள். படம் தொடங்கும்போது 'இது உண்மையில் நடந்தது' என்று சொல்ல வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. சொன்னேன். முதல் இரண்டு தோட்டங்களில் சனங்கள் பேசாமல் பார்த்தார்கள், பேசாமல் எழுந்து போனார்கள். கதை எழுதுகிறவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. நாவலில் இப்படிச் சப்பென்று போனால் என்ன செய்வோம்? ஓர் ஊர்ப்பெயர், ஒரு தொழில், தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு விவரம் போடுவோம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மூன்றாம் தோட்டத்தில், அவர் முகம் துணி முழுக்க வந்து நின்றபோது, அவர் பேசுவதாக நானே சேர்த்துச் சொன்னேன்: "நான் மலாக்கா காஜா பெராங்காரன். லோரி ஓட்டிப் பிழைக்கிறவன். காட்டுக்கு அரிசி அனுப்பியவர்களின் பெயர்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

திடலில் ஒரு சலசலப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து துணிக்குக் கிட்டே போய் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டத்திலும் அதையே சொன்னேன். என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை, அவர் லோரியைக் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"சிக்கு, தோட்டத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள். போன வாரம் ஒரு கடையில், இந்த வாரம் இன்னொன்றில்." அந்தச் சொல்லைக் கஷ்டப்பட்டு உருட்டிச் சொன்னார்: "காட்டிக் குடுத்தவன். அப்படியென்றால் என்ன?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தோட்டங்களுக்குப் போகாதீர்கள், நான் உங்கள் வாயில் இன்ன சொல்லை வைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று கையைப் பிடித்திருக்க வேண்டும். அவர் ஈரக் கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோழை. "படத்தில் நடித்தவர் என்று சொல்கிறார்கள், அபாங்," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஓ, தெரிந்துவிட்டதா!" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போய் எனக்கு ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தார். தின்றேன்.

அந்தப் பொய்யின் கூலி எனக்கு ஜொகூர் எல்லையோரத் தோட்டம் ஒன்றில் கிடைத்தது. படம் போடப் பொழுது சாயட்டும் என்று கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மேசையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அந்த லோரிக்காரனுக்கு என்னா நெஞ்சழுத்தம் சார்! மூஞ்சிக்கு நேராவே கேட்டாங்க, காட்டிக் குடுத்தவன் நீதானேன்னு. நெஞ்சுல கைய வச்சு ஆமா ஆமான்றான் சார். சிரிக்க வேற செய்றான்."

"யார் கேட்டாங்க?"

"யாரோ. இங்கத்து ஆளுங்க இல்ல." சற்று நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். "எந்தெந்தக் கிழமை வருவான்னும் கேட்டாங்க. சொல்லாம இருக்க முடியுமா சார்? நானும் புள்ளகுட்டிக்காரன்."

அன்று வண்டியோடு வந்திருந்த அந்த வெள்ளைக்கார அதிகாரியிடம் ஓடி, இன்றைக்குப் படம் வேண்டாம், அந்த மனிதரின் உயிருக்கு ஆபத்து என்று கெஞ்சினேன். "மக்கள் நம்புகிறார்கள் என்றால் படம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்," என்றார் அவர். ஆபத்து பற்றி மேலிடத்துக்கு எழுதிப் போடுவதாகவும் சொன்னார்.

எழுதிப் போடுவாராம்! படம் ஓடத் தொடங்கியதும் நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வேறு பேசினேன். இது நான் கற்பனையாக எழுதிய கதை, இவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, இவருக்குத் தமிழே தெரியாது, நடிக்க வந்தவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். துணியில் அவர் முகம் பெரிதாக வந்து நின்றது. நான் சொல்வதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. எதையோ ஒளித்து வைத்திருக்கிற முகம்; அதற்காகத்தானே பொறுக்கி எடுத்தேன். ஒரு நாவலை அடுத்த வாரம் திருத்தலாம். கதாநாயகன் சாகவில்லை, மயங்கிக் கிடந்தான் என்று எழுதினால்கூட வாசகன் திட்டிக்கொண்டே ஒத்துக்கொள்வான். கண்ணால் பார்த்ததை யாரும் காதுக்காக விட்டுக் கொடுப்பதில்லை.

இருட்டிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "அப்போ உண்மையில நடந்ததுன்னு ஆரம்பத்துல சொன்னது யாரு சார்?"

இன்னொரு குரல், "விடுக்கா. அந்த ஆளு மாட்டிக்கிட்டான்னு இவரு பூசி மெழுகுறாரு," என்றது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் வீட்டுக்கு ஓடினேன். லோரி இல்லை. அந்த அம்மாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று கேட்டேன். எல்லைப் பக்கம் என்றார். நான் நின்ற நிலையைப் பார்த்து, "உடம்புக்கு முடியவில்லையா சிக்கு?" என்று கேட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். செமாபோக் வழியாகத்தானே போவார், எங்காவது மறித்துவிடலாம் என்றேன். அவர்கள் தொலைபேசியில் பேசினார்கள். லோரி எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

ரப்பர் பால் எடுக்கிற கித்தா மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில், பிற்பகலில் லோரியைக் கண்டுபிடித்தார்கள். வழிப்பறி என்று முதலில் சொன்னார்கள். ஆனால் அரிசி மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. காட்டில் ஆட்கள் பட்டினி கிடந்த காலத்தில் அரிசியைத் தொடாமல் போனார்கள் என்றால் எதற்கு வந்தார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரை வண்டிக்குள்ளேயே முடித்திருந்தார்கள்.

நான் அலுவலக வேலையை விட்டுவிட்டேன். காஜா பெராங்கைவிட்டுப் போகத் துணிமணியையும் கட்டினேன். அப்போது அந்த அம்மாள் என் வாசலுக்கு வந்தார். துக்கம் நடந்து முப்பது நாள்தான் ஆகியிருக்கும். "அவரை அந்தப் படத்தில் பார்க்க வேண்டும்," என்றார்.

அதிகாரி மறுக்கவில்லை. ஒரு பகலில், அலுவலகத்தின் சின்ன அறையில், சன்னலுக்குத் துணி போட்டு மறைத்து ஓட்டினார்கள். நாங்கள் இருவர்தான். ஒலிபெருக்கி இல்லை. இயந்திரத்தின் கடகட சத்தம் மட்டும். முகம் பெரிதாக வந்தது. உதடுகள் அசைந்தன. அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து அந்த உதடுகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், இலேசாகச் சிரித்துவிட்டார்.

"'பசிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும்,'" என்றார். "அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவருக்கு வேறென்ன பேசத் தெரியும்!"

நான் எத்தனையோ முறை பார்த்த படம். ஒரு முறைகூட அவர் என்ன சொல்கிறார் என்று நான் பார்த்ததில்லை.

படம் முடிந்து வெளிச்சம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இந்த இடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் சிக்கு?"

நான் தமிழில் தொடங்கினேன். "எனக்குப் புரிகிற மாதிரி," என்றார். மலாயில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"இவ்வளவும் அவர் சொன்னதாகவா?"

"ஆமாம்."

"எங்கள் ஊர்ப் பெயரையுமா?"

"ஆமாம்."