முப்பத்து மூன்று கதவுகள், ஒரே உயரம்

என் அண்ணி மூன்றாம் வகுப்பில் இருபது வருஷமாக இருக்கிறாள். பிள்ளைகள் வருஷம் திரும்பினால் நாலாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அவள் மட்டும் தேறாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். இதை ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அண்ணன் புரையேறச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

"ஊர் ஊரா சுத்திட்டு வந்ததுல உனக்கு நாக்கு மட்டும் நல்லா வளந்திருக்கு," என்றாள்.

ஊர் சுற்றிவிட்டு வந்தது உண்மைதான். நாலு வருஷம் கழித்துப் பெட்டியோடு வந்து இறங்கிய பத்தாம் நாள் உலகத்தையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கேயும் போக முடியாமல் அண்ணன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒதுக்கியது பிரிண்டர் இருந்த அறை. பிரிண்டரோடு சேர்த்து அண்ணியின் வகுப்பும் என் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடம் அப்போது ஒரு கைப்பேசிக்குள் நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்கு அண்ணி இடுப்புக்கு மேலே டீச்சர் ஆவாள்: இஸ்திரி போட்ட சட்டை, காதில் தோடு, பவுடர். இடுப்புக்குக் கீழே முட்டியில் சாயம் போன பைஜாமா. கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, குரலில் தேனை ஊற்றி, "ஏழெட்டு எவ்வளவு கண்ணு?" என்பாள். திரையில் ஒரு பிள்ளை வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். "ஐம்பத்தாறு" என்று ஒரு பெண்மணியின் குரல் கேட்கும். "வெரி குட் கண்ணு!" என்பாள் அண்ணி. கூச்சம் என்பது அவளுக்கும் இல்லை, அந்தப் பெண்மணிக்கும் இல்லை.

இந்தத் தினசரி நாடகம்கூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைதான் உச்சம். திங்கட்கிழமை அண்ணி ஒரு பயிற்சித் தாளை அனுப்புவாள். கூடவே, எப்படி நிரப்புவது என்று காட்ட, தானே நிரப்பிய மாதிரித் தாள் ஒன்று. வியாழக்கிழமைக்குள் பிள்ளைகள் எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் அவற்றை அச்செடுப்பேன். அண்ணி சிவப்பு மையில் நட்சத்திர முத்திரையைக் குத்துவாள். குத்தியதை நான் திரும்பப் போட்டோ எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, 'இந்த வாரம் கற்றவை' என்ற அட்டவணையில் எண் வாரியாக 'வந்தது' என்று தட்டுவேன். பன்னிரண்டு மணிக்குள் அது தலைமையாசிரியைக்குப் போக வேண்டும். பிள்ளை எதைக் கற்றது என்று கேட்க அட்டவணையில் இடமே கிடையாது. அந்தப் பள்ளியில் போட்டோ வந்தால் படிப்பு வந்தது என்று அர்த்தம்.

அட்டவணையில் பிள்ளைகளுக்குப் பெயரும் இல்லை, எண்தான். அண்ணியும் அப்படியே பேசப் பழகிவிட்டாள். "ஒம்போதோட அம்மா கையெழுத்து மணிமணியா இருக்கு பாத்தியா?" என்பாள். ஒன்பதின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

முப்பத்து நாலுதான் கடைசி எண். அந்த வரிசையில் ஐந்து வாரமாக வெறும் கோடுதான் இருந்தது.

"இது யாரு அண்ணி?"

"அது பஸ் கழுவறவரோட பொண்ணு. போட்டோவே வராது. ஆறு வாரம் விட்டுச்சுன்னா பேரைத் 'தொடர்பில் இல்லாதோர்' பட்டியல்ல தூக்கிப் போட்டுருவாங்க. அந்த எடத்துக்குப் பதினேழு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்ப இந்த வெள்ளியோட சரியா?"

"ஆமா. ஸ்டேப்ளரை எடு."

ஒரு எட்டு வயசுப் பிள்ளையின் பள்ளிக்கூடம் பறிபோவதும் ஸ்டேப்ளரும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

பஸ் கழுவுகிறவரின் எண்ணை அண்ணியின் கைப்பேசியில் தேடினேன். ஓசை அணைத்து அடியில் தள்ளப்பட்டிருந்தது. திறந்தால் பதினோரு குரல் செய்திகள். ஒன்றைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை.

"அண்ணி, இவ பேசி அனுப்பியிருக்கா!"

"தெரியும். முதல் வாரமே அவங்கப்பா சொன்னாரு. போன் கீழ விழுந்து கேமரா போச்சாம். குரலை நான் எப்படி அச்செடுக்கறது? எங்க முத்திரை குத்தறது? நீயே சொல்லு."

அந்த முட்டாள்தனத்தில் ஓட்டை ஒடிசல் எதுவும் இல்லை. பாத்திரம் மாதிரி வழவழவென்று இருந்தது.

கேட்கத் தொடங்கினேன். பின்னால் தண்ணீர் வாளியின் சத்தம், யாரோ இருமுவது, நடுவில் வேகமாக ஒரு சின்னக் குரல். முதல் வாரம் பதிமூன்றாம் வாய்ப்பாடு வரை ஒரு தப்பில்லாமல் ஒப்பித்திருந்தாள். இரண்டாம் வாரம் பாடத்தை வாசித்துவிட்டு, "டீச்சர், இதுல நரி ஏன் திரும்பி வந்துச்சுன்னு போடல. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். பதில் போகவில்லை. மூன்றாம் வாரமும் அதையே கேட்டிருந்தாள். நாலாம் வாரம், "பரவால்ல டீச்சர், நானே ஒண்ணு யோசிச்சுட்டேன்" என்று முடித்துக்கொண்டாள்.

அந்த வாரப் பாடம் நீளம். வீட்டில் உள்ள பொருள்களை ஸ்கேலால் அளந்து சென்டிமீட்டரில் எழுத வேண்டும்: கதவு, மேஜை, தலையணை, கரண்டி. பதினோராவது செய்தி அதுதான்.

"டீச்சர், எங்கிட்ட உடைஞ்ச ஸ்கேல்தான் இருக்கு. அது ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குது, பதினஞ்சுல முடியுது. அதனால ஒரு தடவ வச்சா பதிமூணுதான். கதவுக்குப் பதிமூணு தடவ வச்சேன். பதிமூணு பதிமூணு நூத்தி அறுபத்தொம்போது. அதுக்கு மேல ஒம்போது இருந்துச்சு. மொத்தம் நூத்தி எழுபத்தெட்டு. அப்பா குனிஞ்சுதான் வருவாரு, அதனால சரியாத்தான் இருக்கும். மேஜை எங்க வீட்ல இல்ல. அதுக்குப் பதிலா பெட்டிய அளந்தேன்."

வியாழக்கிழமையே மற்ற முப்பத்து மூன்று தாள்களும் வந்து சேர்ந்திருந்தன. மடியில் வைத்துக்கொண்டு புரட்டினேன். ஒன்று: கதவு 197 சென்டிமீட்டர். இரண்டு: கதவு 197. மூன்று: 197. எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்தாவது தாளில் சிரிப்பு நின்றது. முப்பத்து மூன்று வீடுகளின் கதவும் ஒரே உயரம். மேஜைகள் எல்லாம் ஒரே நீளம். தலையணைகள் எல்லாம் ஒரே தையல்காரர் தைத்தது போல அறுபத்து நாலு.

மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தேன். அண்ணியின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில்: கதவு 197.

தையல் டப்பாவில் இருந்த அளவு நாடாவை எடுத்துப் போய் எங்கள் வாசல் கதவை அளந்தேன். இருநூற்று மூன்று.

"அண்ணி, நம்ம கதவு இருநூத்தி மூணு."

"அதுக்கு?"

"நீங்க நூத்தித் தொண்ணூத்தேழுன்னு எழுதியிருக்கீங்க."

"ஒரு உதாரணத்துக்குப் போட்டேன்டீ. நாற்காலில ஏறி அளக்கச் சொல்றியா, இந்த முட்டியை வச்சுக்கிட்டு?"

"முப்பத்தி மூணு பேரும் அதையே எழுதியிருக்காங்க!"

அண்ணி தாள்களை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்த நான்தான் அசடு. அவள் முகம் மலர்ந்தது.

"ஒருத்தர்கூடத் தப்பு விடல பாரேன்," என்றாள்.

அப்போது தலைமையாசிரியை அழைத்தார். அவர் பேச்சு எப்போதும் ஒலிபெருக்கியில்தான் வரும், ஏனென்றால் அண்ணி அவரிடம் பேசும்போது இரண்டு கையையும் கட்டிக்கொள்வாள், போனில்கூட. "டீச்சர், இன்னிக்கு உங்க வகுப்புல முப்பத்தி நாலும் வந்துருச்சுன்னா 'முழு வகுப்பு'ச் சான்றிதழ் உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு கொறையுதுன்னு கேள்விப்பட்டேன். அதை எடுத்துரலாமா, வச்சுக்கலாமா? பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

"வந்துரும் மேடம், வந்துரும் மேடம்," என்றாள் அண்ணி.

மணி பதினொன்றரை. நான் குரல் செய்தியைச் சத்தமாக வைத்தேன். உடைந்த ஸ்கேல், பதிமூணு பதிமூணு, குனிந்து வரும் அப்பா, எல்லாவற்றையும் அண்ணி கேட்டாள். தலையைக்கூட ஆட்டினாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றாள்.

"அப்ப மேடத்துக்கிட்ட சொல்லுங்க. போட்டோ இல்ல, பேசி அனுப்பியிருக்கா, பாடம் நடந்திருக்குன்னு சொல்லுங்க."

"சொன்னா, இத்தனை வாரம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. நீயா பதில் சொல்லுவ?"

அதுதான் அவள். இருபது வருஷ வேலையில் அவள் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை, திட்டியதில்லை, ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. நல்ல டீச்சர் என்று ஊரே சொல்லும். அவளிடம் ஒரு கேள்வி வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் அது தானாக உதிர்ந்தது போலத்தான் அவளுக்குத் தோன்றும்.

ஆனால் சான்றிதழ் வேண்டுமே. அண்ணி எழுந்துபோய்க் காலித் தாள் ஒன்றை எடுத்து வந்தாள். பென்சிலை இடது கைக்கு மாற்றினாள். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, எட்டு வயசுக் கையெழுத்தில், கோணல்மாணலாக எழுத ஆரம்பித்தாள். அவ்வளவு சரளமாக எழுதியதைப் பார்த்தால் முதல் தடவை என்று சொல்ல முடியாது. கதவு என்று எழுதி, பக்கத்தில் ஒன்று போட்டாள், ஒன்பது போட்டாள்.

"அண்ணி, அவ அளவு நூத்தி எழுபத்தெட்டு. அதையாவது எழுதுங்க."

"எல்லாரும் ஒண்ணு எழுதியிருக்க, இது மட்டும் வேறயா இருந்தா மேல கேள்வி வராதா?" ஏழையும் போட்டாள். பிறகு மேஜை. அந்த வீட்டில் இல்லாத மேஜைக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் நீளம் கொடுத்தாள். நட்சத்திரத்தைக் குத்தினாள். "போட்டோ எடு. பதினொன்னு அம்பத்தஞ்சு ஆச்சு."

எடுத்தேன். எடுக்காவிட்டால் அந்த வரிசையில் ஆறாவது கோடு விழும். அட்டவணையில் முப்பத்து நாலுக்கு நேராக 'வந்தது' என்று தட்டியதும் நான்தான். மற்ற வீடுகளுக்குப் போவது போல, நட்சத்திரம் குத்திய தாள் பஸ் கழுவுகிறவரின் கைப்பேசிக்கும் போனது. தலைமையாசிரியை கைதட்டும் பொம்மைகள் ஆறு அனுப்பினார். அண்ணி அதை அண்ணனிடம் காட்டப் படுக்கையறைக்குப் போனாள்.

நாலு மணிக்கு மேல், அப்பா வேலை முடிந்து வீட்டுக்குப் போனை எடுத்து வந்திருப்பார் போல, செய்தி வந்தது. அண்ணி தேநீரோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னாலேயே போட்டேன்.

"டீச்சர், நட்சத்திரம் வந்துச்சு. தேங்க்ஸ் டீச்சர். ஆனா இது என் தாள் இல்ல, வேற யாரோடதோ மாறி வந்துருச்சு. எங்க கதவு நூத்தி எழுபத்தெட்டு. அப்பாவ ஸ்டூலப் புடிச்சுக்கச் சொல்லி ஏறி மறுபடியும் அளந்தேன், அதேதான் வந்துச்சு. இவங்க வீட்டுக் கதவு பெருசு போல. பாவம், அவங்க நட்சத்திரத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கே அனுப்பிருங்க டீச்சர்."

அண்ணி தேநீரை உறிஞ்சினாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் குரல் செய்தியைக் கேக்கவே கூடாதுங்கறது," என்றாள். "அது பாட்டுக்கு வெளிய யார்கிட்டயாவது சொல்லி வைக்கப் போவுது. நீயே ஏதாவது சொல்லி வாயை அடை."

கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு, அடுத்த வாரத் தாளைத் தயாரிக்கப் போனாள்.

வாயை அடைக்க எனக்குத் தெரியவில்லை. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். "நான் டீச்சரோட நாத்தனார் பேசறேன். நீ சொன்னது சரி. உங்க கதவு நூத்தி எழுபத்தெட்டுதான். தாள்ல எண்ணைத் தப்பா எழுதினது நாங்க. நட்சத்திரம் உன்னோடது, திருப்பித் தராத. இந்த வகுப்புல கதவை அளந்தது நீ ஒருத்திதான்."

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. குரல் கவலையாக இருந்தது.

"ஏன்க்கா, மத்தவங்க யார்கிட்டயும் ஸ்கேல் இல்லையா? வேணும்னா என்னோடதக் குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கழிக்கணும்னு மட்டும் சொல்லிருங்க."

அண்ணியிடம் போட்டுக் காட்டப் போனேன். சாப்பாட்டு மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரப் பாடம் எடை. மாதிரித் தாளில் முதல் வரி முடிந்திருந்தது: என் புத்தகப் பை மூன்று கிலோ இருநூறு கிராம்.

எங்கள் வீட்டில் தராசு கிடையாது.