ஒன் டுவென்டி ஒய்யில் உடைந்த சாவி

குளுவாங் டவுனில் இருக்கும் என் சாவிக்கடைக்குப் போன் செய்து, "சாவி உள்ளேயே ஒடஞ்சிருச்சு" என்று யாராவது சொன்னால், நான் முதலில் சொல்வது "கைய எடுங்க" என்பதுதான். ஏனென்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஹேர்பின்னை விட்டு நோண்டுவார்கள். பசையைத் தடவி மிச்சச் சாவியை ஒட்டப் பார்ப்பார்கள். பசை உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் சிலிண்டரையே கழற்ற வேண்டியதுதான். அவர்கள் செய்த கூத்துக்கு நான் வெயிலில் குனிந்து கிடக்க வேண்டும். நான் கொஞ்சம் வாய்க்காரி, அப்போது என் வாயில் நல்ல வார்த்தை வராது.

உடைந்த சாவியை எடுக்கிற வேலை கை பழகினால் வந்துவிடும். நாலு பூட்டைக் கெடுத்தால் ஐந்தாவது பூட்டு தானே சொல்லிக்கொடுக்கும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் ஒரு வீட்டில் நான் கேனச்சி மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதை இது.

1. போனில் பேசிய அக்கா

காலையில் கடை திறந்த கையோடு போன் வந்தது. பேசியவர் ஒரு வயதான அம்மா. பெயர் சரோஜா என்றார்.

"யம்மா, எங்க காடில சாவி ஒடஞ்சிருச்சும்மா. மத்தியானம் நான் குளுவாங்குக்கு டயாலிசிஸ் போவணும். எங்க வீட்டுக்காரருதான் ஓட்டிட்டுப் போவாரு. வந்துருவீங்களா?"

"கைய எடுங்க. ஒண்ணையும் உள்ள விடாதீங்க. என்ன காடி?"

"ஒன் டுவென்டி ஒய்."

எழுபதுகளில் வந்த சின்ன ஜப்பான் கார் அது. ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடியது. இப்போது அதை வைத்திருக்கிறவர்கள் பிள்ளை மாதிரி வைத்திருப்பார்கள். எனக்கும் அந்தப் பழைய பூட்டுகள் என்றால் கொஞ்சம் ஆசை.

"டயாலிசிஸ் ஒரு தடவ விட்டா என்னக்கா ஆவும்?" என்று கேட்டேன். அவசரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"மூச்சு முட்டும்மா. ராத்திரி படுக்க முடியாது. போன தடவையே மழையினால லேட்டாப் போயி, பாதியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. இன்னைக்கு விட்டா மக சிங்கப்பூர்லேர்ந்து லீவு போட்டுட்டு ஓடி வந்துரும்."

வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

2. முகத்தைத் தொங்கப்போட்ட அண்ணன்

வீட்டு முன்னால் போர்ச்சில் கார் நின்றது. இளம்பச்சை நிறம். ஒரு தூசி கிடையாது. பம்பரில் என் முகம் தெரிந்தது. டாஷ்போர்டில் சின்ன முருகன், அவருக்கு அன்று வைத்த செம்பருத்தி. பக்கத்தில் சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் நின்றார். மாணிக்கம் அண்ணன், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இப்படிக் கார் வைத்திருக்கிறவர்கள் என்னைப் பார்த்ததும் ஓடி வருவார்கள். "பாத்து, பாத்து, கீறிராதீங்க" என்று உயிரை எடுப்பார்கள். இவரோ, "வந்துட்டீங்களா" என்றார். வரி வசூலிக்க வந்தவளைக் கேட்பது போல இருந்தது. இந்த மனிதருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று யோசித்தேன்.

"சாவி எப்பண்ணே ஒடஞ்சுது?"

"நேத்து. திருப்புனேன். வந்துருச்சு கையோட."

உடைந்த தலைப்பகுதியை நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

"ஸ்பேர் சாவி இருக்கா?"

"இருக்கும்மா, சாமி ரூம்பு ஆணியில" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"இல்ல. காணோம்" என்றார் அண்ணன்.

"முந்தாநேத்துகூடப் பாத்தேனே!"

"காணோங்குறேன்ல."

சரி, புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்தேன். சிலிண்டர் லாக்கிலும் இல்லை, அடுத்த நிலையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது. இதைப் புதியவர்கள் கவனியுங்கள். சிலிண்டர் திரும்பி நிற்கும்போது ஹூக்கை விட்டு இழுத்தால் துண்டு வரவே வராது. உள்ளே இருக்கும் தகடுகள் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். முதலில் தட்டை ஸ்குரூடிரைவரால் துண்டை மெதுவாகத் தள்ளி, சிலிண்டரை லாக் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் வழுக்கிக்கொண்டு வருவதற்குக் கிராஃபைட் பொடி. அப்புறம்தான் ஹூக்.

நான் குனிந்திருக்க, அண்ணன் என் தலைக்கு மேலேயே நின்றார்.

"வராதுல்ல?" என்றார்.

"வந்துரும்ணே."

"பழைய பூட்டும்மா. உள்ள தேஞ்சு போயிருக்கும். வராட்டிப் பரவால்ல, விட்டுருங்க. கஷ்டப்படாதீங்க."

சிலிண்டர் டக்கென்று லாக் நிலைக்குத் திரும்பியது. ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டது. "அம்மாடி, வழிக்கு வந்துச்சு" என்றேன் சந்தோஷமாக. அவர் பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முகம் இன்னும் சுருங்கியிருந்தது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. துண்டு அசைந்தது, அவர் முகம் விழுந்தது. துண்டு பாதி வெளியே வந்தது, அவர் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முழுசாக எடுத்து, "இந்தாங்கண்ணே!" என்று தூக்கிக் காட்டினேன். சாமி பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்வார் என்று பார்த்தால், "இந்தக் காடிக்கு புது சாவி வெட்ட பிளாங்க் கெடைக்காதுன்னு சொன்னாங்களே?" என்றார்.

"எங்கிட்ட இருக்குண்ணே." பல் வெட்டாத வெற்றுச் சாவிதான் பிளாங்க், பழைய கார்களுக்கும் நான் வாங்கி வைத்திருப்பேன்.

"அலமாக்" என்றார், ஐயையோ என்கிற மாதிரி. அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

வேலை நன்றாக நடக்கிறது என்பதற்காகக் கவலைப்படுகிற ஆளை நான் இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. துண்டு வராமலே இருந்திருந்தால் இவருக்கு மனம் குளிர்ந்திருக்கும் போல!

3. உடையக் கூடாத இடம்

வேனுக்குப் பின்னால் மெஷினை வைத்து, சாவியின் இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்த்தேன். அப்போதுதான் அந்த முறிவைக் கவனித்தேன்.

சாவி உடைந்தால் பல்லுக்கு நடுவில், ஆழமான வெட்டில் உடையும். அங்கேதான் உலோகம் மெலிசு. இது அங்கே உடையவில்லை. தலைக்குப் பக்கத்தில், கழுத்தில் உடைந்திருந்தது. அங்கே இரண்டு கையாலும் முறித்துவிட முடியாது. முறிவைத் திருப்பினேன். ஒரு பாதி சொரசொரவென்று மங்கலாக இருந்தது, அது இயற்கையான முறிவு. மறு பாதி நேராகப் பளபளத்தது. கோடு கோடாக அரம் பட்ட தடம்.

யாரோ சாவியைப் பாதிவரை ராவி வைத்திருக்கிறார்கள். திருப்பினால் உடையட்டும் என்று.

யார்? திருடனாக இருந்தால் காரையே கொண்டுபோயிருப்பான், சாவியை ராவி வைத்துவிட்டுப் போவானா? அப்புறம் அக்காவைச் சந்தேகப்பட்டேன். காரை அண்ணன் இவ்வளவு கொஞ்சுகிறார், அந்தம்மாவுக்கு வயிற்றெரிச்சலாக இருக்குமோ? ஆனால் என்னைக் கூப்பிட்டதே அக்காதானே. உடைத்தவரே ஆள் வைத்துச் சரி பண்ணுவாரா? தலை சுற்றியது. சாவியை வெட்டிக்கொண்டே இதையே போட்டு உழப்பினேன்.

அண்ணன் எழுந்து வந்தார். மெஷின் சத்தத்தில் அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினேன்.

"பாத்துட்டீங்களா?" என்றார் மெதுவாக.

"என்னத்தண்ணே?"

"அரம் போட்டத."

இரண்டு துண்டுகளையும் அவர் முன்னால் நீட்டினேன்.

"நான்தான் ராவுனேன். ஸ்பேர் சாவியையும் நான்தான் காவாயில போட்டேன்." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கண்ணு இருட்டிட்டு வருதும்மா. எப்ப வரும்னு தெரியல. ஒரு நொடிதான், அப்புறம் சரியாயிரும். போன வாரம் குளுவாங்லேர்ந்து இவளக் கூட்டிட்டு வாரப்ப வந்துருச்சு. முச்சந்தில செவப்பு லைட்டு. நான் பாக்கவே இல்ல. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் பாருங்க, அப்பத்தான் நான் ரோட்டுக்கு நடுவுல இருக்கேன்னு தெரிஞ்சுது. நூல் அளவுலதான் தப்புனோம். இவ பக்கத்துல தூங்கிட்டு இருக்கா. டயாலிசிஸ் முடிஞ்சா அசந்து தூங்கிருவா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சொல்லிட்டு நிறுத்திருக்கலாம்ல அண்ணே?"

"எப்படிம்மா சொல்றது? வாழ்க்கை பூரா சிக்னல் பாத்தவன் நான். செவப்பு தெரியலன்னு எந்த வாயால சொல்லுவேன்? காடி கெட்டுப்போச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மக ஏதாச்சும் டாக்சிக்கு ஏற்பாடு பண்ணும்னு இருந்தேன். இவ என்னன்னா ஒங்களக் கூப்பிட்டுட்டா."

இவ்வளவு நேரமும் இந்த மனிதரைக் கரித்துக்கொட்டினேனே என்று வெட்கமாக இருந்தது.

4. சாவி என் கையில்

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். போர்வை, பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் தயாராக இருந்தன.

"ஆச்சாம்மா? ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்."

புதுச் சாவியைப் போட்டேன். பழைய இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பியது. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன்.

"பாத்தீங்களா, ஒங்க காடி வந்துருச்சு!" என்று அக்கா புருஷனைப் பார்த்துச் சிரித்தார். "இனிமேயாச்சும் மூஞ்சிய நல்லா வைங்க."

இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தேன். வேலை முடிந்தால் சாவி சொந்தக்காரர் கைக்குப் போக வேண்டும், அதுதான் நம் தொழில். கொடுத்தால் இந்த அக்கா அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவார். கொடுக்காமல் இருக்க நான் யார்? காரும் அவருடையது, பெண்டாட்டியும் அவருடையவர். அன்று நின்ற மாதிரி குழம்பிப்போய் நான் எங்கேயும் நின்றதில்லை. கை நீளவில்லை.

"அண்ணே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முன் டயரைப் பார்த்தபடியே சொன்னார். கண் இருட்டுவதை, சிவப்பு லைட்டை, லாரியை, அரத்தை. எல்லாம் சொல்லி, கடைசியில், "நீ தூங்கிட்டு இருந்த" என்றார்.

அக்கா பையைக் கீழே வைத்தார்.

"நான் எங்க தூங்குனேன்? கண்ண இறுக்கி மூடிக்கிட்டு முருகா முருகான்னு சொல்லிட்டுல்ல வந்தேன்!"

அண்ணன் தலை நிமிர்ந்தது.

"அன்னைக்கு மட்டுமா? அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ ரோட்டுக் கோட்ட விட்டு எறங்கிட்டீங்க. அந்த சீட்டுல ஒக்காந்தாலே எனக்குக் காலு நடுங்குது."

"அக்கா, அப்புறம் எதுக்கு என்னக் கூப்பிட்டீங்க?" என்று கத்தியேவிட்டேன். தாங்க முடியவில்லை.

"நேத்துலேர்ந்து மனுசன் சோறு திங்கல, பேசல. காடி போச்சேன்னுதான் இப்படிக் கெடக்காருன்னு நெனச்சேன். அவரு சந்தோஷமா இருந்தாப் போதும், நம்ம உசுரு முருகன் கையிலன்னு ஒங்களுக்குப் போன் பண்ணேன்." இப்போது அவர் பக்கம் திரும்பினார். "அரத்த எடுத்து சாவிய ராவத் தெரியுது, வாயத் தொறந்து பேசத் தெரியலயா ஒங்களுக்கு?"

"நீயும்தானே பேசல" என்றார் அண்ணன். அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தினார். நான் ஸ்குரூடிரைவரைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

இப்போது மகள் ஏற்பாட்டில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதே காரை ஓட்டி அக்காவைக் கூட்டிப்போகிறார். அண்ணனுக்குக் கண் வைத்தியம் நடக்கிறது. அந்த இரண்டு பேரும் பேசாமல் இருந்திருந்தால் நான் சாவியைக் கொடுத்திருப்பேனா, மாட்டேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் டூல் பெட்டியைத் திறக்கும் முன், "இத யாரு ஓட்டப் போறாங்க?" என்று கேட்கிறேன். சிலர், ஒனக்கு எதுக்கு என்கிற மாதிரி முறைப்பார்கள். முறைக்கட்டும். நீங்களும் கேளுங்கள். பூட்டு யாருக்காகத் திறக்கிறது என்று தெரியாமல் திறக்கிற வேலை பாதி வேலைதான்.

அன்று மத்தியானம் அவர்களை நானே கூட்டிப்போனேன், அந்தப் பச்சைக் காரிலேயே. அண்ணன் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஒரு கணம் நின்றார். அப்புறம் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "கிளச்ச மெதுவா விடுங்க தங்கச்சி. மூணாவது கியருக்கு அவசரப்படாதீங்க. அங்க குழி இருக்கு லா, பாத்து." எனக்கா ஓட்டத் தெரியாது என்று திருப்பிக் கொடுக்க வாயெடுத்தேன்.

அவர் சட்டென்று பின் சீட்டில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. நெசமாவே தூங்கிட்டா."