டொக்டரை அடையாளம் கண்டவர்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் டொக்டர் உர்சுலா தன் தட்டிலிருக்கும் கொத்துரொட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறார். சுவிஸில் அகதி முகாம்களில் வைத்தியம் பார்த்து, பிறகு தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனவர். அவருக்கு மொழிபெயர்க்க நானும் கூட வந்திருக்கிறேன். சுவிஸில் அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வருவதால் எங்கே போனாலும் சுவரோரமாகத்தான் இருப்பார்.

பக்கத்து மேசையில் மஞ்சள் வேலை மேலங்கி போட்ட ஒருவர் எங்களையே பார்க்கிறார். அவர் எழும்பி வரும்போது என் கை தானாகவே போனைத் தேடுகிறது.

"இவா சுவிஸ் டொக்டர்தானே?"

"ஓம் அண்ணை."

"என்ர தம்பிக்கு, உது இலங்கை ஆமி அடிச்ச காயம் எண்டு கடிதம் எழுதிக் குடுத்தவா. பிறகு எங்கட ஆக்களைத் திருப்பி அனுப்புற சட்டத்துக்கும் கை உயர்த்தினவா. தம்பியை அனுப்பிப்போட்டினம். ஞாபகமிருக்கோ எண்டு கேளுங்கோ."

ஒரு சொல்லும் குறைக்காமல் ஜெர்மனில் சொல்கிறேன். டொக்டர் தம்பியின் பெயரைக் கேட்கிறார். அண்ணை சொன்னதும் டொக்டரின் முகம் வெளிறுகிறது.

"அவர் இப்போது எங்கே?"

அதைத் தமிழில் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

"கொழும்பில இறங்கினவன். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார்.

"கை உயர்த்தியது உண்மை என்று சொல்லு" என்கிறார். "உங்கள் தம்பியின் காயத்தைப் பார்த்திருந்தும்தான் உயர்த்தினேன். அதையும் சொல்லு."

அந்த அண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.